சைட்பார் வாட்ஸ்அப் தினமும் காலையில் கியூஆர் கேட்கிறது, வழி சொல்லுங்கள்

கேள்வி

வணக்கம். வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். ஆர்டர், அளவு எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வரும். வேலைக்கு நடுவே போனை எடுத்து எடுத்துப் பார்க்கச் சிரமமாக இருக்கிறது என்று, வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் மூன்றும் சைட்பாரிலேயே வருகிற ஒரு பிரவுசரை லேப்டாப்பில் போட்டேன். இடது ஓரத்தில் வாட்ஸ்அப், நடுவில் ஆர்டர் ஷீட். முதல் நாள் ரொம்பப் பிடித்துப்போனது.

மறுநாள் காலை லேப்டாப்பைத் திறந்தால் வாட்ஸ்அப் இருந்த இடத்தில் கியூஆர் கட்டம் நிற்கிறது. ஸ்கேன் செய்தேன், வந்தது. அடுத்த நாளும் அதே கதை. நேற்று ஸ்கேன் செய்தபோது, இதற்குமேல் சாதனம் சேர்க்க முடியாது என்று போன் சொல்லிவிட்டது.

இன்னொன்று, பகலில் நோட்டிஃபிகேஷன் ஒழுங்காக வருவதில்லை. புதன்கிழமை ஒரு வாடிக்கையாளர் "முன் கழுத்து இறக்கம் ஏழு வேண்டாம், ஆறரை போதும்" என்று அனுப்பியிருந்தார். நான் பார்த்தபோது துணியை வெட்டி முடித்துவிட்டேன். பட்டுத் துணி, அவர் அம்மா வாங்கிக் கொடுத்தது. இன்னும் மனசு ஆறவில்லை.

விண்டோஸ் 10, 4 ஜிபி ராம். இப்படிப்பட்ட பிரவுசரை நம்பி வேலை செய்யலாமா, பழையபடி போனுக்கே போய்விடலாமா?

பதில் 1

அக்கா, முதலில் பிரவுசர் செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போங்கள். மூடும்போது குக்கிகளையும் (உள்நுழைவை நினைவில் வைக்கத் தளங்கள் பிரவுசரில் போட்டுவைக்கும் சின்னக் குறிப்புகள்) தளத் தரவுகளையும் அழி என்று ஒரு தேர்வு இருக்கும். அது ஆனாகி இருந்தால் இப்படித்தான் ஆகும்.

போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பட்டியலையும் பாருங்கள். அதிகபட்சம் நான்கு சாதனங்களைத்தான் இணைக்க முடியும். அங்கே என்ன தெரிகிறது என்று சொல்லுங்கள்.

கேட்டவர்

பார்த்தேன் தம்பி. அழிக்கிற தேர்வு ஆஃபில்தான் இருக்கிறது. ஆனால் பட்டியலில் நான்கு வரிகள், நான்குமே என் லேப்டாப்தான். தேதி மட்டும் வேறு வேறு.

பதில் 1

அப்படியென்றால் விஷயம் பாதி தெரிந்துவிட்டது. வாட்ஸ்அப்பே உங்களை வெளியேற்றியிருந்தால் அந்த வரி பட்டியலிலிருந்து போயிருக்கும். (போனை 14 நாள் தொடாமலே வைத்திருந்தால் அப்படி வெளியேற்றும். உங்களுக்கு அது பொருந்தாது.) இங்கே போன் நான்கு இணைப்பையும் நினைவில் வைத்திருக்கிறது, லேப்டாப்தான் மறந்துவிட்டது. வாட்ஸ்அப் வெப் தன் சாவியைப் பிரவுசரின் தளத் தரவுக்குள் வைத்திருக்கும். அதை யாரோ தினமும் துடைக்கிறார்கள். பிரவுசர் இல்லையென்றால் வேறு எது? குப்பை நீக்குகிற மென்பொருள் ஏதாவது லேப்டாப்பில் இருக்கிறதா? கடிகாரத்துக்குப் பக்கத்தில் சின்ன ஐகான்கள் வரிசையாக இருக்குமே, அதில் பாருங்கள்.

பதில் 2

நம்பலாமா என்று கேட்டீர்கள், அதற்கு மட்டும் சொல்கிறேன். எல்லாத் தளங்களையும் பிரவுசர் ஓரத்திலேயே வைத்துக்கொள்ளும் இந்த ஆசை புதிதல்ல. 2005-இல் ஃபிளாக் என்ற பிரவுசர் ஃபயர்பாக்ஸை அடிப்படையாக வைத்து வந்தது. நண்பர்கள் எல்லாரும் ஓரத்தில் வரிசையாகத் தெரிவார்கள், ஒரு படத்தை இழுத்து அவர்கள் பெயர்மேல் விட்டால் போய்ச்சேரும். நான் ஆசையாகப் பயன்படுத்தினேன். 2011-இல் ஜிங்கா நிறுவனம் அதை வாங்கியது, சில மாதத்தில் நிறுத்தப்பட்டது. 2010-இல் ராக்மெல்ட் வந்தது. நெட்ஸ்கேப் என்ற பழைய பிரவுசர் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான மார்க் ஆண்ட்ரீசன் அதில் பணம் போட்டிருந்தார். ஃபேஸ்புக் கணக்கு இருந்தால்தான் உள்ளேயே போக முடியும். 2013-இல் யாஹூ வாங்கியது, அதுவும் போய்விட்டது.

அவை ஒவ்வொரு தளத்திலிருந்தும் தகவலை எடுத்துத் தங்கள் சொந்த வடிவத்தில் காட்டின. தளம் தன் வழியை மாற்றினால் பிரவுசரும் கூடவே மாறியாக வேண்டும். இப்போது வருகிறவை அப்படி இல்லை. 2016-இல் விவால்டி பிரவுசரில் வந்த வெப் பேனலும் சரி, 2017-இல் ஓபரா பிரவுசரின் சைட்பாரில் வந்த வாட்ஸ்அப்பும் சரி, அந்தந்தத் தளத்தின் இணையப் பக்கத்தையே ஓரத்தில் ஒடுக்கமாகத் திறந்து காட்டுகின்றன. உங்கள் பேனலை ஒரு டேப் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கே அந்தப் பிரவுசர் நின்றுபோனாலும் உங்கள் செய்திகள் போனில் பத்திரமாக இருக்கும், வேறொன்றில் ஸ்கேன் செய்து தொடரலாம். அதனால் தைரியமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்

இருக்கிறது தம்பி! போன மாதம் லேப்டாப்பை ஃபார்மட் செய்து கொடுத்த கடையில் ஒரு துடைப்பப் படம் போட்ட மென்பொருளைப் போட்டிருக்கிறார்கள். திறந்து பார்த்தேன். லேப்டாப் ஆனாகும்போதெல்லாம் எல்லாப் பிரவுசரின் குக்கிகளையும் தரவுகளையும் அழிப்பதாக டிக் செய்திருக்கிறது. எனக்கு யாரும் சொல்லவில்லை.

பதில் 1

அதுதான் அக்கா. அந்த டிக்கை எடுத்துவிடுங்கள், அல்லது மென்பொருளையே நீக்குங்கள். பிறகு போனில் அந்த நான்கு வரிகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டு வெளியேற்றுங்கள், புதிதாக ஒரே ஒருமுறை ஸ்கேன் செய்யுங்கள்.

பதில் 3

நோட்டிஃபிகேஷன் பற்றி. ராமை மிச்சப்படுத்த, பயன்படுத்தாத டேப்களையும் பேனல்களையும் சில பிரவுசர்கள் தூங்கவைக்கும். தூங்குகிற பேனல் செய்தியைக் காட்டாது. பெர்ஃபார்மன்ஸ் அல்லது மெமரி என்ற பகுதியில், தூங்கவைக்கக் கூடாத தளங்கள் என்று ஒரு பட்டியல் இருந்தால் அதில் வாட்ஸ்அப் வெப் முகவரியைச் சேருங்கள். விண்டோஸில் நோட்டிஃபிகேஷன்களை அடக்கிவைக்கிற ஃபோகஸ் அசிஸ்ட் ஆஃபில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

4 ஜிபியில் மூன்று பேனல் கனம். குரோமியம் (கூகுள் குரோமுக்கும் அடிப்படையான மென்பொருள்) வழி வந்த பிரவுசராக இருந்தால் ஷிஃப்ட், எஸ்கேப் இரண்டையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள், எது எவ்வளவு ராம் தின்கிறது என்று தெரியும். வீடியோ ஓடிக்கொண்டே இருக்கிற பேனல்தான் பெரும்பாலும் மேலே நிற்கும். வேலை நேரத்தில் வாட்ஸ்அப் மட்டும் போதும்.

வீட்டில் பிள்ளைகளும் அதே லேப்டாப்பைத் தொடுவார்கள் என்றால், வாட்ஸ்அப் வெப் செட்டிங்ஸில் பிரைவசிக்குள் திரைப் பூட்டு இருக்கிறது. பாஸ்வேர்ட் வைத்துவிடுங்கள். அளவு அனுப்புகிறவர்கள் உங்களை நம்பித்தானே அனுப்புகிறார்கள்.

கேட்டவர்

மூன்று நாள் பார்த்துவிட்டு எழுதுகிறேன். கியூஆர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. போனில் இப்போது ஒரே ஒரு வரிதான். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் இரண்டையும் எடுத்துவிட்டேன், லேப்டாப் சூடாவதும் குறைந்திருக்கிறது. திரைப் பூட்டும் போட்டாயிற்று.

இன்று காலை ஒருவர் கை நீளத்தை மாற்றச் சொன்னார். மணிச் சத்தம் கேட்டது, கத்திரியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தேன். அந்தப் பட்டு பிளவுஸுக்கு அதே நிறத்தில் துணி தேடிக் கழுத்துக்கு ஒட்டுக் கொடுத்துப் பைப்பிங் வைத்துத் தந்தேன், கூலி வாங்கவில்லை. மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி.