கட்டில் தலைமாட்டில் 190 மைக்ரோடெஸ்லா காட்டுகிறது; பக்கத்து மாடி டவர்தான் காரணமா?

சிறுமலைக்காற்று (கேட்டவர்)

எல்லோருக்கும் வணக்கம். திண்டுக்கல்லில் இருக்கிறோம். போன மாதம் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி ஒரு மொட்டை மாடியில் செல்போன் டவர் வைத்தார்கள். மனைவிக்கு இது ஐந்தாம் மாதம். டவர் வந்த நாளிலிருந்து அம்மாவுக்குச் சரியான தூக்கமில்லை.

நேற்று இரவு, கதிர்வீச்சைக் கண்டுபிடிக்கும் என்று சொன்ன ஒரு இலவச ஆப்பை இறக்கி வீடு முழுக்கச் சுற்றினேன். கூடத்தின் நடுவில் 43 மைக்ரோடெஸ்லா. ஃபிரிட்ஜ் பக்கத்தில் 70. படுக்கையறைக் கட்டிலின் தலைமாட்டில் வைத்ததும் எண் சரசரவென்று 190க்கு ஏறி, திரை முழுக்கச் சிவந்து, பீப் பீப் என்று கத்த ஆரம்பித்துவிட்டது. அம்மா பார்த்துவிட்டார். "நாளைக்கே புள்ளைய அவங்க அம்மா வீட்டுக்கு அனுப்பிடு" என்கிறார்.

ஒன்றுதான் புரியவில்லை. மொட்டை மாடிக்குப் போய் போனை டவரைப் பார்த்து நீட்டினால் 41தான் வருகிறது. டவரைப் பார்த்த இடத்தில் குறைவாகவும் தலையணைக்குப் பக்கத்தில் அதிகமாகவும் எப்படி இருக்கும்? இன்னொரு ஆப்பில் பார்த்தேன்: முன்னறையில் மைனஸ் 79 டிபிஎம், பின்னறையில் மைனஸ் 109. இதில் எது அதிகம், எது குறைவு என்றே தெரியவில்லை. ஆண்ட்ராய்டு போன். தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

ஆன்டெனா_அண்ணாச்சி

தம்பி, முதலில் அம்மாவைக் கொஞ்சம் நிம்மதியாக இருக்கச் சொல்லுங்கள். அந்த 190 டவரிலிருந்து வரவில்லை. வரவும் முடியாது.

நான் பல வருடம் செல்போன் நெட்வொர்க் வேலையில் இருந்தவன். காரில் கருவிகளை வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சிக்னல் அளப்பதுதான் தொழில். நீங்கள் இறக்கிய ஆப் பயன்படுத்துவது போனில் உள்ள திசைகாட்டி சென்சாரை. மேப்பில் வடக்கு எது என்று காட்டுவதற்காக வைத்த சிறிய சில்லு அது. நிலையான காந்தப்புலத்தைத்தான் அது அளக்கும்; மைக்ரோடெஸ்லா என்பது அதன் அலகு. டவரிலிருந்து வருவதோ ஒரு நொடிக்கு 70 கோடி, 180 கோடி, 350 கோடி முறை அதிரும் ரேடியோ அலை. திசைகாட்டிச் சில்லு ஒரு நொடிக்கு நூறு தடவை, மிஞ்சினால் சில நூறு தடவைதான் அளவு எடுக்கும். டவர் அலை இருப்பதே அதற்குத் தெரியாது.

மூன்று காரியம் செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள். போன் கவரைக் கழற்றுங்கள், மூடி வைத்த கவராக இருந்தால் கட்டாயம். பிறகு போனைக் கையில் பிடித்துக் காற்றில் எட்டு எழுதுவது போல நாலைந்து முறை சுழற்றுங்கள்; சென்சார் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். கடைசியாக வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கட்டில் பக்கம் மறுபடி அளங்கள்.

சிறுமலைக்காற்று

அண்ணாச்சி, நீங்கள் சொன்னபடியே செய்தேன். கவர் மூடி வைத்ததுதான், மூடியின் ஓரத்தில் காந்தம் இருக்கிறது. கழற்றி, எட்டுப் போட்ட பிறகு கூடம் 41. கட்டில் 128. மெயினை அணைத்துப் பார்த்தேன். அப்போதும் அதே 128, ஒரு புள்ளி கூட இறங்கவில்லை. வைஃபை பெட்டியும் அணைந்துதான் கிடந்தது. அப்படியானால் இந்த 128 எங்கிருந்து வருகிறது?

நெல்லை_வாத்தியார்

கட்டில் இரும்புக் கட்டிலா தம்பி?

பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். கூடத்தில் வரும் 41 பூமியின் காந்தப்புலம். உலகத்தில் இடத்துக்கு இடம் சுமார் 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா வரை மாறும். நம் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 40. உங்கள் தாத்தா காலத்திலும் அந்த வீட்டில் ஏறக்குறைய இதுதான் இருந்திருக்கும். ஒரு விசேஷமும் உண்டு. காந்த நடுக்கோடு எங்கள் தென்கோடிக்கு மிக அருகில் போகிறது. அதனால் இங்கே காந்தப்புலம் கிட்டத்தட்டத் தரைக்கு இணையாகப் படுத்திருக்கும். அதை ஆராயவே திருநெல்வேலியில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் ஒன்று இருக்கிறது. உங்கள் ஆப்பில் மூன்று அச்சுகளும் தனித்தனியாகத் தெரிந்தால் போனை மேசையில் மல்லாக்க வைத்துப் பாருங்கள். மேல்-கீழ் அச்சின் எண் மொத்த எண்ணின் பக்கத்தில் சிறியதாகவே இருக்கும்.

இரும்புச் சாமான் நாளாக ஆகக் கொஞ்சம் காந்தமேறும். கட்டில் குழாய், பீரோ, ஃபிரிட்ஜ் கதவின் காந்தப் பட்டை, ஸ்பீக்கர், தூணுக்குள் இருக்கும் கம்பி என்று எல்லாமே எண்ணைத் தூக்கிவிடும். பள்ளிக்கூட அறிவியல் சாமான் விற்கும் கடையில் ஒரு காந்த ஊசி வாங்கிக் கட்டில் காலின் பக்கத்தில் மெதுவாக நகர்த்துங்கள். ஊசி வடக்கை விட்டுக் கட்டில் காலைப் பார்க்கத் திரும்பினால் விஷயம் முடிந்தது. ரேடியோ அலையால் காந்த ஊசியைத் திருப்ப முடியாது.

சிறுமலைக்காற்று

சார், இரும்புக் கட்டில்தான், கல்யாணச் சீர். பக்கத்து வீட்டுப் பையனிடம் காந்த ஊசி இருந்தது. தலைமாட்டுக் குழாயிலிருந்து ஒரு சாண் தூரம் வரை ஊசி அசையாமல் வடக்கில் நின்றது. நாலு விரல் தூரம் வந்ததும் நடுங்க ஆரம்பித்து, அப்படியே குழாயின் வளைவைப் பார்த்துத் திரும்பிவிட்டது. அம்மாவை உட்கார வைத்துக் காட்டினேன். அவரே கையில் வாங்கி மூன்று தடவை நகர்த்திப் பார்த்தார். "அப்ப கட்டிலா கத்துச்சு?" என்றார்.

நித்யமல்லி

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். நானும் இரண்டு குழந்தைகளின் அம்மா. ஆப் தப்பாகக் காட்டுகிறது என்பதால் டவரே ஆபத்தில்லாதது என்று ஆகிவிடுமா? உலக சுகாதார அமைப்பே 2011இல் இதைப் புற்றுநோய்ப் பட்டியலில் சேர்த்ததே. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் எல்லாம் சரியென்று சொல்லிவிடாதீர்கள்.

ஆன்டெனா_அண்ணாச்சி

சகோதரி, நியாயமான கேள்விதான். 2011 மே மாதம் அந்த அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை ரேடியோ அலைகளை 2பி பிரிவில் வைத்தது உண்மை. ஆதாரம் குறைவு, ஆனாலும் ஐயத்துக்கு இடமிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். நாம் கவனிக்க வேண்டியது, அந்தக் குறைந்த ஆதாரம் எங்கிருந்து வந்தது என்பதை. காதில் போனை ஒட்டிவைத்து நெடுநேரம் பேசியவர்களைப் பற்றிய ஆய்வுகளிலிருந்து வந்தது. சுற்றுப்புறத்தில் உள்ள டவர் போன்றவற்றைப் பற்றி முடிவு சொல்ல ஆதாரம் போதாது என்றுதான் அந்தக் குழு சொன்னது. அதனால் கவனம் முதலில் கையில் இருக்கும் போன் மேல் போகட்டும் என்கிறேன்.

தம்பியின் இரண்டாவது ஆப்புக்கு வருகிறேன். அது ஓரளவு உருப்படியான எண். டிபிஎம் என்பது போனுக்கு வந்து சேரும் சக்தி. பூஜ்யம் என்றால் ஒரு மில்லிவாட். மைனஸில் ஒவ்வொரு பத்துக்கும் பத்தில் ஒரு பங்காகக் குறையும். மைனஸ் 70 என்றால் ஒரு மில்லிவாட்டில் கோடியில் ஒரு பங்கு. முன்னறையில் மைனஸ் 79, பின்னறையில் மைனஸ் 109. வித்தியாசம் 30, அதாவது ஆயிரம் மடங்கு. முன்னறையில்தான் சிக்னல் அதிகம்.

இதை வைத்து அந்த டவரின் மொத்த அலையையும் அளந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 4ஜியில் போன் காட்டுவது அகலமான ஒரு அலைவரிசையின் ஒரு சின்ன இழையை மட்டும். 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் என்றால் அதில் 1200 இழைகள். முழுச் சுமையில் மொத்தம் ஆயிரம் மடங்குக்கு மேல் வரும். அப்படிப் பார்த்தாலும் உங்கள் முன்னறையில் ஒரு மில்லிவாட்டில் பல்லாயிரத்தில் ஒரு பங்குதான். இன்னொன்று, போன் தன் சிம் கம்பெனியின் சிக்னலை மட்டும்தான் பார்க்கும். பக்கத்து மாடியில் இருப்பது வேறு கம்பெனியின் ஆன்டெனா என்றால் உங்கள் மைனஸ் 79 எங்கோ தள்ளி இருக்கும் இன்னொரு டவருடையது.

இப்போது எதிர்ப்பக்கம் பாருங்கள். போன் வாங்குவது மட்டுமா, திருப்பியும் அனுப்புகிறது. 4ஜி போன் உச்சத்தில் 200 மில்லிவாட் வரை அனுப்பும். பழைய 2ஜி, 900 மெகாஹெர்ட்ஸில், துடிப்புக்கு 2 வாட் வரை போகும்; சராசரி கால் வாட். சிக்னல் நன்றாக இருந்தால் டவரே போனைப் பார்த்து மெதுவாகப் பேசு என்று சொல்லிவிடும். நூறில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ போதும். சிக்னல் இல்லாத இடத்தில் போன் தொண்டை கிழியக் கத்தும், பேட்டரியும் சூடாகும். உங்கள் வீட்டில் எந்த இடத்தில் உட்கார்ந்து போன் பேசுகிறீர்கள்?

சிறுமலைக்காற்று

அண்ணாச்சி, படித்ததும் கொஞ்சம் திக்கென்றது. டவர் வந்த பிறகு அம்மா சொன்னார் என்று மனைவி பின்னறையில்தான் இருக்கிறாள். ராத்திரி அவள் அம்மாவிடம் ஒரு மணிநேரம் பேசுவதும் அங்கேதான், போனைக் காதில் வைத்து. போன் சுடுகிறது என்று அவளே இரண்டு நாள் சொன்னாள்.

ஆன்டெனா_அண்ணாச்சி

இன்றைக்கே முன்னறைக்கு மாற்றிவிடுங்கள் தம்பி. இதில் பயப்பட எதுவும் இல்லை. இந்தியாவில் விற்கும் போன் உச்சத்தில் கத்தினாலும் தலை உறிஞ்சும் அலைச் சக்தி ஒரு கிலோ எடைக்கு 1.6 வாட் என்ற வரம்பைத் தாண்டக் கூடாது. *#07# அழுத்தினால் உங்கள் போனுக்கான அந்த அளவு திரையில் வரும். ஆனாலும் செலவே இல்லாமல் குறைக்க முடிந்ததைக் குறைத்துவிடலாமே. ஸ்பீக்கரில் போட்டு எதிரே வைத்துப் பேசட்டும், அல்லது கம்பி இயர்போன். வீட்டில் வைஃபை இருந்தால் வைஃபை வழியாகக் கால் போகும் வசதியை ஆன் செய்யுங்கள், போனுக்குப் பாதி வேலை மிச்சம்.

வயரிங்_மாமா

படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது மாப்பிள்ளை? நான் எலெக்ட்ரீஷியன். இதை ஒருவரும் கேட்கவில்லை.

சிறுமலைக்காற்று

மாமா, தலைமாட்டுச் சுவருக்கு நேர் பின்னால் ஈ.பி. மீட்டர் போர்டும் இன்வெர்ட்டரும்.

வயரிங்_மாமா

அதைத்தான் கேட்டேன். கரண்ட் காந்தப்புலம் நொடிக்கு 50 தடவை திசை மாறி மாறி வரும். போன் சென்சாரில் கூட்டலும் கழித்தலுமாகப் பெரும்பாலும் அடிபட்டுப் போகும். எண் லேசாகத் துள்ளும், அவ்வளவுதான். அதனால் மெயினை அணைத்தும் 128 மாறவில்லை என்பதை வைத்துக் கரண்ட் பக்கம் ஒன்றுமில்லை என்று முடிவு கட்டாதீர்கள். என் கையில் 50 ஹெர்ட்ஸ் அளக்கும் சின்ன மீட்டர் இருக்கிறது. மெயின் போர்டை ஒட்டிவைத்தால் பல வீட்டில் 2, 3 மைக்ரோடெஸ்லா காட்டும். ஒரு மீட்டர் தள்ளினால் 0.1க்குக் கீழே போய்விடும். கட்டிலை எதிர்ச் சுவருக்கு நகர்த்துங்கள், தீர்ந்தது. பேஸ் ஒயரும் நியூட்ரலும் ஒரே குழாயில் சேர்ந்து போகாமல் தனித்தனி வழியில் போயிருந்தால் மட்டும் தூரத்திலும் புலம் இருக்கும். பழைய வீடு என்றால் அதை ஒரு ஆளை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

நெல்லை_வாத்தியார்

மாமா சொன்னதற்கு ஒரு வார்த்தை சேர்க்கிறேன். 50 ஹெர்ட்ஸுக்குப் பொதுமக்கள் வரம்பு, 2010 சர்வதேச வழிகாட்டலின்படி, 200 மைக்ரோடெஸ்லா. ஆப்பில் வரும் 190ஐ இந்த 200 பக்கத்தில் வைத்துப் பலர் பயந்துவிடுகிறார்கள். அது நிலைக்காந்தம், இது மாறும் காந்தம்; ஒன்றை மற்றதன் அளவுகோலால் அளக்க முடியாது.

சிறுமலைக்காற்று

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். கட்டில் எதிர்ச் சுவருக்குப் போய்விட்டது. மனைவி முன்னறையில் ஸ்பீக்கரில் பேசுகிறாள். போன் சூடாவதில்லை, சார்ஜும் ராத்திரி வரை நிற்கிறது. அம்மா வீட்டுக்குப் போகும் பேச்சு ஏழாம் மாதத்துக்குத் தள்ளிப்போயிற்று, அது எப்படியும் வழக்கம்தானே.

அம்மாவுக்கு இன்னும் ஒரு உறுத்தல்: "வீட்டுக்குள்ள சரி, மொட்டை மாடியில வத்தல் காயப்போடுறப்ப?" மாடியில் நின்றால் ஒரு பட்டை ஆன்டெனா ஏறக்குறைய எங்கள் மட்டத்திலேயே தெரிகிறது.

ஆன்டெனா_அண்ணாச்சி

அம்மா கேட்பது சரியான கேள்வி, அதற்கு எந்தப் போனாலும் பதில் சொல்ல முடியாது. பட்டை ஆன்டெனா டார்ச் லைட் மாதிரி முன்னால் வீசும். நேர் கீழே இருப்பவருக்குக் குறைவு, அதே மட்டத்தில் எதிரே இருப்பவருக்குத்தான் கூடுதல். அதனால் மாடியை முறையாக அளந்துவிடுவதே நல்லது.

மத்திய தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் என்ற இணையதளம் 2017இலிருந்து இருக்கிறது. உங்கள் தெருவை வரைபடத்தில் தேடினால் அந்த டவரும், விதிக்கு உட்பட்டிருக்கிறதா என்பதும் தெரியும். 4000 ரூபாய் கட்டி விண்ணப்பித்தால் உங்கள் இடத்துக்கே வந்து அளப்பார்கள். நம் நாட்டில் 2012 செப்டம்பரில் சர்வதேச வரம்பைப் பத்தில் ஒன்றாகக் குறைத்து வைத்தார்கள்: 900 மெகாஹெர்ட்ஸில் ஒரு சதுர மீட்டருக்கு 0.45 வாட், 1800இல் 0.9 வாட்.

சிறுமலைக்காற்று

தளத்தில் டவர் தெரிகிறது அண்ணாச்சி, இரண்டு கம்பெனி ஆன்டெனா இருக்கிறதாம். அளக்கச் சொல்லிப் பணம் கட்டிவிட்டேன். வரும்போது நான் என்ன பார்த்துக்கொள்ள வேண்டும்?

ஆன்டெனா_அண்ணாச்சி

சாயங்காலம் ஏழு, எட்டு மணிக்கு எல்லோரும் போனில் இருக்கும் நேரத்தில் டவரின் சுமை அதிகம். அந்த நேரத்தில் அளக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். அம்மா வத்தல் போடும் மூலையையே காட்டி, அங்கே கருவியை வைக்கச் சொல்லுங்கள். ஒரு நொடியில் எடுத்த அளவு போதாது, ஆறு நிமிடச் சராசரி எடுக்க வேண்டும். அந்த ஆறு நிமிடமும் நீங்கள் தள்ளி நில்லுங்கள், உங்கள் போனை விமான முறையில் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் பக்கத்தில் இருக்கும் உங்கள் போனின் அலையும் கணக்கில் ஏறிவிடும்.