உதவி: ரோமில படிக்கிற தங்கச்சி மலை ஊர் ஒண்டுக்குப் போகப் போறா, பஸ்ஸும் பாலமும்தான் பிரச்சினை

கண்டாவளைத் தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சி போன மாதம்தான் ரோமுக்குப் படிக்கப் போனவா. கூடப் படிக்கிற ரெண்டு பிள்ளையளோட வாற ஞாயிறு சிவித்தா தி பாஞ்ஞோரேஜோ எண்ட மலை ஊருக்குப் போட்டு அண்டைக்கே திரும்பி வர யோசிச்சிருக்கினம். ரோமில இருந்து ஒர்வியேத்தோ வரைக்கும் ரெயின், அங்க இருந்து பக்கத்து ஊரான பாஞ்ஞோரேஜோவுக்கு பஸ், மிச்சம் நடை. ரெயின் நேரமெல்லாம் போனில வடிவா வருது. ஆனா ஞாயிற்றுக்கிழமைக்கு பஸ் தேடினா ஒண்டுமே காட்டுதில்லை. நான் தேடுறதில பிழையோ, உண்மையாவே பஸ் இல்லையோ?

மற்றது பாலம். ஊருக்குள்ள போக ஒரு நடைபாலம்தான் வழியாம். முந்நூறு மீற்றர் அளவு நீளம், ரெண்டு பக்கமும் பள்ளத்தாக்கு. எங்கட பக்கம் முழுக்க வெளி. இரணைமடுக் குளக்கட்டில ஏறி நிண்டதுதான் அவ கண்ட உயரம். மாடியில நிண்டு கீழ பார்த்தாலே தலை சுத்துதெண்டுவா. படத்தைப் பார்த்த நேரம் தொடக்கம் அம்மா வேண்டாம் எண்டு ஒரே பிடியா நிக்கிறா. எனக்கு அவ போய்ப் பார்க்கவேணும் எண்டுதான் ஆசை. ஆனா பயமில்லை எண்டு அம்மாவுக்குச் சொல்லுறதுக்கு முதல் எனக்கு அது சரியாத் தெரியவேணும்.

வவுனியா அக்கா:
தம்பி, நீர் தேடினது சரி. ஒர்வியேத்தோவில இருந்து அங்க போற பஸ் ஞாயிறில ஓடாது. நான் பெரூஜாவில படிக்கேக்க இந்த ஊருக்குப் போயிருக்கிறன். சனிக்கிழமைக்கு மாத்தச் சொல்லும். அவையின்ர பஸ் அட்டவணையில சனிக்கிழமையும் வேலைநாள் கணக்குத்தான். ஆனா பள்ளிக்கூட நாளில மட்டும் ஓடுற பஸ்ஸும் அதுக்குள்ள கலந்திருக்கும், அதுக்குக் குறிப்பு வேற. அதை வாசிக்காமல் நேரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நிக்கக்கூடாது. ஒண்டு விட்டால் அடுத்தது வர மணித்தியாலக் கணக்காகும். இறங்கின உடனேயே, ஊர் பார்க்கப் போக முதல், திரும்பி வாற பஸ் நேரத்தைப் படம் எடுத்து வைக்கட்டும்.

பஸ் ரிக்கெற்றை ‘T’ எழுத்துப் பலகை போட்ட புகையிலைக் கடையில போகவும் வரவும் சேர்த்து வாங்கச் சொல்லும். பின்னேரம் கடை பூட்டியிருந்தால் பிறகு அலையவேணும். பஸ்ஸில ஏறின உடனே மெசினில குத்தவேணும். ரெயினுக்கும் கடதாசி ரிக்கெற் எண்டால் மேடையில இருக்கிற மெசினில குத்தவேணும், போனில எடுத்தது எண்டால் ஏற முதல் செக்-இன் செய்யவேணும். இதுகளைச் செய்யாமல், காசு கட்டி எடுத்த ரிக்கெற்றுக்கே தண்டம் கட்டுற பிள்ளையள் கனபேர்.

பாலம் கொங்கிறீற். ரெண்டு பக்கமும் கைபிடி இருக்கு, சனம் நடந்து போய்க்கொண்டே இருக்கும். நடுவால, முன்னால போறவையின்ர முதுகைப் பார்த்து நடந்தால் காணும். கடைசித் துண்டு சரியான ஏற்றம். மூச்சு வாங்குற வாங்கில கீழ பார்க்கிற எண்ணமே வராது. காத்துத்தான் பலமா அடிக்கும், தாவணி, தொப்பி ஒண்டும் பறக்காமல் பார்க்கவேணும். உள்ள போக 5 யூரோ ரிக்கெற் தனி.

மாங்குளம் ஆசிரியர்:
தம்பி, நான் புவியியல் படிப்பிக்கிறவன், ஒரு விஷயம் சேர்க்கிறேன். இந்த ஊரை, ரோமருக்கு முன் இத்தாலியில் வாழ்ந்த எத்துருஸ்கர் என்ற மக்கள் ஏறத்தாழ 2500 ஆண்டுகளுக்கு முன் அமைத்தார்கள். மேலே இருப்பது எரிமலைச் சாம்பல் இறுகிய பாறை, அடியில் களிமண். மழைநீர் களியை அரித்துக்கொண்டு போக, மேலுள்ள பாறை பிடிமானம் இழந்து உடைந்து விழும். அலையடிக்கும் பக்கம் அரித்த குளக்கட்டு மேலால் உறுதியாய்த் தெரிந்துகொண்டே உள்ளுக்குள் பலவீனமாவது போலத்தான். 1695இல் வந்த நிலநடுக்கத்தோடு பெரும்பாலான சனம் வெளியேறியது. அங்கே பிறந்த புனித பொனவெந்தூராவின் வீடு இருந்த பகுதியே சரிந்து போய்விட்டது. ஆகவே பாலத்தை விட விளிம்புகளில்தான் கவனம் வேண்டும். வேலி கட்டிய இடத்தைத் தாண்டிப் போய்ப் படம் எடுக்க வேண்டாம். கடும் மழை எச்சரிக்கை இருந்தால் நாளை மாற்றட்டும்.

முல்லைத்தீவு மச்சாள்:
அம்மாவுக்கு நேர வித்தியாசத்தை விளங்கப்படுத்துங்கோ. இப்ப அங்க மூண்டரை மணித்தியாலம் பிந்தி. ஒக்டோபர் கடைசி ஞாயிறோட நாலரை ஆகிடும். அங்க பின்னேரம் ஆறு மணிக்கு அவ பஸ்ஸுக்கு நிக்கேக்க எங்களுக்கு இரவு ஒன்பதரை. இது தெரியாமல்தான் என்ர மாமி ஒருக்கா விடிய விடிய நித்திரை கொள்ளாமல் இருந்தவா. பாஸ்போட்டும், வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிச்ச தபால் கந்தோர்ப் பற்றுச்சீட்டும் கையோட இருக்கட்டும். அவசரம் எண்டால் 112.

கண்டாவளைத் தம்பி:
எல்லாருக்கும் நன்றி. இன்னும் ரெண்டு கேள்வி. புரட்டாசிச் சனி, அவ மச்சம் சாப்பிடமாட்டா, அங்க என்ன கிடைக்கும்? மற்றது, ஒரு பிள்ளைக்குச் சனிக்கிழமை வர ஏலாதாம்.

வவுனியா அக்கா:
வாட்டின பாணில தக்காளியும் ஒலிவ் எண்ணெயும் போட்ட புருஸ்கெத்தா கிடைக்கும், அது காணும். பாஸ்தா குழம்புக்குள்ள பண்டி இறைச்சி இருக்கக்கூடும், கேட்டுத்தான் வாங்கவேணும். புட்டு அவிச்சுக் கட்டிக்கொண்டு போனாலும் நல்லது.

ஞாயிறுதான் எண்டால் ஒர்வியேத்தோவோட நிக்கட்டும். அதுவும் பாறைக்கு மேல இருக்கிற ஊர்தான். ரெயின் ஸ்ரேசனுக்கு முன்னாலயே கம்பியில இழுத்து ஏத்துற ரெயில் மேல கொண்டுபோய் விடும், பாலம் கடக்கத் தேவையில்லை. அங்க சன் பத்ரீசியோக் கிணறு இருக்கு. 1527இல ரோம் சூறையாடப்பட்ட நேரம் தப்பி வந்த பாப்பரசர் ஏழாம் கிளெமென்ற், முற்றுகை வந்தாலும் தண்ணி வேணும் எண்டு வெட்டுவிச்சது. ஐம்பது மீற்றருக்கு மேல ஆழம், 248 படி. இறங்க ஒரு சுழல் படி, ஏற வேற ஒண்டு. தண்ணி எடுக்க இறங்குற கழுதையும் சுமந்து ஏறுற கழுதையும் ஒண்டுக்கொண்டு முட்டுப்படாது. சுவரில வெட்டின யன்னலால எட்டிப் பார்த்தால் அடியில தண்ணி தெரியும். கிணத்தை நம்பி வளர்ந்த எங்களுக்கு அதை விட்டு வர மனம் வராது, தம்பி.

கண்டாவளைத் தம்பி:
கதைச்சு முடிச்சாச்சு. சனிக்கிழமை ரெண்டு பேர் சிவித்தாவுக்கு, பிறகொரு ஞாயிறு மூண்டு பேரும் கிணறு பார்க்க. மாங்குளம் சேர் சொன்னதை அப்பிடியே அம்மாவுக்கு வாசிச்சன். யோசிச்சுப்போட்டு ஓம் எண்டிட்டா, முறிகண்டியில தேங்காய் உடைக்கிறதெண்டும் நேர்ந்திட்டா. ஆனா பாலத்தில நடக்கேக்க வீடியோ கோல் எடுக்கவேணும் எண்டு கேக்கிறா.

வவுனியா அக்கா:
பாலத்தில போன் கையில வேண்டாம். கடந்து, கல் வாசலுக்குள்ளால போய், கோயில் முன்றலில இருந்து ஆறுதலா எடுக்கச் சொல்லும். அம்மாவுக்கும் ஊரை வடிவாக் காட்டலாம்.