ஆறு வாரத் தாமதமும் 632 வருஷக் கோபுரமும்

நான் ஜெர்மனியில் இருக்கும் கொலோன் நகரத்துக்குப் போனது சண்டை போட. ஆர்டர் கொடுத்த பேக்கிங் மெஷின் ஆறு வாரம் தாமதம். சப்ளையர் அங்கே கண்காட்சியில் ஸ்டால் போட்டிருந்தார். "நேரிலேயே உட்கார்ந்து பேசி, அபராதத்தை முடிவு பண்ணிட்டு வா" என்று ஆஃபீஸில் அனுப்பிவிட்டார்கள்.

கண்காட்சி வளாகம் ரைன் நதிக்கு இந்தப் பக்கம், டாய்ட்ஸ் பகுதியில். அந்தக் கரையில் கதீட்ரல் என்கிற பெரிய தேவாலயம். நடுவே ஹோஹென்சோலர்ன் ரயில் பாலம். ஓரத்து நடைபாதையிலேயே கடந்துவிடலாம். தண்டவாளத்தைப் பிரிக்கும் கம்பிவலை முழுக்கக் காதலர்கள் மாட்டிய பூட்டுகள். பூட்டின் மேல் பூட்டு, வலையே தெரியவில்லை.

இரண்டு நாள் இழுபறிக்குப் பிறகு, எதிர்த்தரப்பில் பேசிய பெரியவரே என்னைக் கதீட்ரலுக்குக் கூட்டிப்போனார். 1248-ல் கட்டத் தொடங்கியிருக்கிறார்கள். 16-ஆம் நூற்றாண்டில் வேலை நின்றுபோய், பாதிக் கோபுரத்தின் மேல் மரக் கிரேன் மட்டும் சில நூறு வருஷம் அப்படியே நின்றதாம். 1842-ல் மறுபடி ஆரம்பித்து 1880-ல் முடித்தார்கள். நான் மனசுக்குள் கழித்துக்கொண்டிருந்தேன். 632 வருஷம். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆறு வாரத்தையெல்லாம் எங்க ஊர்ல தாமதக் கணக்குல சேர்க்கிறதில்லை" என்றார், சிரிக்காமல்.

எனக்கு இன்னும் பிடித்தது டிராயிங் கதை. மேற்கு முகப்புக்காக இடைக்காலத்தில் தோலில் வரைந்த படம், நாலு மீட்டருக்கு மேல் உயரம். அது தொலைந்துபோய், ஒரு பாதி 1814-ல் டார்ம்ஸ்டாட்டிலும் மறுபாதி 1816-ல் பாரிஸிலும் கிடைத்தது. முகப்பை அதன்படிதான் கட்டி முடித்தார்கள். எங்கள் ஆஃபீஸில் போன வருஷ டிராயிங்கே கிடைப்பதில்லை.

மறுநாள் தனியாகத் தெற்குக் கோபுரம் ஏறினேன். 533 படி, லிஃப்ட் கிடையாது. மீட்டிங் ஷூவோடு ஏறியது என் முட்டாள்தனம். குறுகலான சுழல்படி, எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். வழியில் செயின்ட் பீட்டர் மணி, 24 டன். அதை ரசிக்கிற சாக்கில் நன்றாக மூச்சு வாங்கிக்கொண்டேன்.

விசா பற்றிக் கேட்டவர்களுக்கு: வேலைக்காக எடுத்த குறுகியகால ஷெங்கன் விசாவிலேயே (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) சுற்றிப் பார்க்கலாம். ஸ்டிக்கரில் இருக்கும் நாள் எண்ணிக்கையை மட்டும் தாண்டக் கூடாது. கூடுதல் நாட்களை விண்ணப்பத்திலேயே காட்டிவிடுங்கள், இன்சூரன்ஸும் அதுவரை இருக்கட்டும். அந்த நாட்களுக்கு ஹோட்டல் பில்லைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். நான் வாங்கவில்லை; அக்கவுண்ட்ஸோடு நடந்த வாக்குவாதம், சப்ளையரோடு நடந்ததைவிட நீளம்.

* * *

உங்கள் கொலோன் கதையைப் படித்ததும் என் கதையையும் எழுதத் தோன்றியது. கதீட்ரலாவது உங்களுக்குத் திறந்திருந்தது! எனக்குப் பாரிஸில் திங்கள் மாலை மீட்டிங் முடிந்தது. செவ்வாய் முழுக்க லூவர் அருங்காட்சியகம், புதன் விடியற்காலை ஃப்ளைட் என்று திட்டம். செவ்வாய்க்கிழமை லூவருக்கு விடுமுறை என்பது வாசலில் போய் நின்ற பிறகுதான் தெரிந்தது. கண்ணாடிப் பிரமிடைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, செய்ன் நதியைக் கடந்து ஓர்சே அருங்காட்சியகத்துக்கு நடந்தேன். அங்கே விடுமுறை திங்கள்தான். 1900-ல் ரயில் நிலையமாகத் திறந்த கட்டடம் அது. மேல்மாடியில் ஆளைவிடப் பெரிய கடிகாரம் ஒன்று, கண்ணாடி முகப்போடு. முட்களுக்கு நடுவே எட்டிப் பார்த்தால், ஆற்றுக்கு அந்தப் பக்கம் அதே லூவர்.