மறு: 'வெறுப்புப் பேச்சு' போதுமா? என் பரிந்துரை 'பகைமூட்டல்'

எல்லாருக்கும் வணக்கம்,

ஹேட் ஸ்பீச்சுக்குத் தமிழ்ல 'வெறுப்புப் பேச்சு'ன்னு பத்திரிகையெல்லாம் போடுது, அதையே வச்சிக்கலாம்னு மதுரை அண்ணன் எழுதியிருந்தாரு. எனக்கு உடன்பாடு இல்லண்ணே.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்துல மனு டைப் பண்ணித் தர்றவன். போன மாசம் ஒரு அம்மா வாட்ஸப்ல வந்த ஆடியோவ போட்டுக் காட்டினாங்க, அவங்க ஜனங்ககிட்ட யாரும் சாமான் வாங்காதீங்க, தெருவுல விடாதீங்க, மீறி வந்தா அடிங்கன்னு ஒருத்தன் பேசியிருக்கான். 'வெறுப்புப் பேச்சு பேசியுள்ளார்'னு அடிச்சி வாசிச்சேன். அந்தம்மா கேட்டாங்க, "ஏன் தம்பி, வெறுப்பா பேசறதுக்கெல்லாமா கேஸ் எடுப்பாங்க? என் மருமவகூடத்தான் வெறுப்பா பேசுது. இவன் அடிக்கச் சொல்றானே, அத எழுது."

அப்பதான் எனக்கு உறைச்சிது. நம்ம வாயில வெறுப்புன்னா சலிப்பு, எரிச்சல். 'வெறுப்பேத்தாதடா'ன்னு பசங்க சொல்றதும் அதான். ஐடி (தகவல் தொழில்நுட்ப) சட்டத்துல 66ஏ-ன்னு ஒன்னு இருந்துதே, அதுல எரிச்சல் உண்டாக்கறதே குத்தம்னு இருந்துது, 2012ல புதுச்சேரிக்காரர் ஒருத்தர ஒரு ட்வீட்டுக்காக அதுல கைது பண்ணாங்க. 2015 மார்ச்சுல ஸ்ரேயா சிங்கால் வழக்குல சுப்ரீம் கோர்ட் அத ரத்து பண்ணிச்சு. விவாதிக்கறது வேற, ஒரு கருத்துக்காக வாதாடறது வேற, தூண்டிவிடறது வேற, கேக்கறவனுக்குக் கசந்தாலும் முதல் ரெண்டும் உரிமைதான், மூணாவதுக்குப் போனாதான் அரசியல் சட்டத்துல பேச்சுரிமைக்கு வரம்பு போடற 19(2) வச்சு தடுக்கலாம்னு அந்தத் தீர்ப்பு சொல்லுது. நாம உணர்ச்சியக் குறிக்கற சொல்ல வச்சோம்னா, தூக்கிப்போட்ட எரிச்சல திரும்பவும் தமிழ் வழியா உள்ள கொண்டாறோம். ஒருத்தன் மனசுல வெறுப்பு இருக்கறது குத்தமில்ல, அடுத்தவன் மனசுல அத கொளுத்திப் போடறதுதான் குத்தம்.

அதனால 'பகைமூட்டல்'. தீ மூட்டறோம், கோள் மூட்டறான், கலகம் மூட்டறான், எல்லாமே ஒரு செயல். 1989ல ரங்கராஜன் வழக்குல, இடஒதுக்கீடு பத்தின தமிழ்ப் படத்துக்காக வந்தது அது, ஒரு கருத்த தடுக்கணும்னா வெடிமருந்துல விழற பொறி மாதிரி ஆபத்து நெருக்கமா இருக்கணும்னு சுப்ரீம் கோர்ட்ல சொன்னாங்க, அதுக்கும் இந்த 'மூட்டு' பொருந்துது. சமூகங்களுக்குள்ள பகை வளக்கறத குத்தம்னு சொல்ற, இப்ப இருக்கற பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) 196-ம் (பழைய இந்திய தண்டனைச் சட்டம் 153ஏ) பேச்சு, எழுத்து, சைகை, படம், மின்னணுத் தகவல்னு எல்லாத்தையும் சொல்லுது, 'பேச்சு'ன்னு முடிச்சா பாதி வெளிய போயிடும்.

புதுச்சேரியிலிருந்து மறுமொழி:

தம்பி, சொல் நல்லாருக்கு, ஆனா பகைன்னா ரெண்டு பக்கமும் மோதறது. சாதிப் பேர சொல்லி ஊர் நடுவுல ஒருத்தர கேவலப்படுத்தறாங்க, அவரு திருப்பி ஒரு வார்த்தை பேசல, அங்க எங்க பகை? பகைமூட்டல்னு எழுதினா இரு தரப்பு மோதல்னு போலீஸ் ரெண்டு பக்கமும் கேஸ் போட்டுட்டுப் போயிடும். நான் கண்ணால பாத்தது இது. அடிவாங்கினவங்களையும் ஒரே தட்டுல வச்சிடாதீங்க.

என் பதில்:

அக்கா, நீங்க சொல்றது சரி, நான் அத யோசிக்கல. பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கான 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டமே இத பிரிச்சுதான் வச்சிருக்கு, பொதுமக்கள் பார்வையில வேணும்னே அவமானப்படுத்தறது ஒரு பிரிவு, அந்த மக்கள் மேல பகையும் வெறுப்பும் வளக்கறது இன்னொரு பிரிவு. அப்ப நாமளும் ரெண்டு சொல்லா வச்சிக்கலாம். கேவலப்படுத்தறதுக்கு 'இழிவுரை', தூண்டறதுக்கு 'பகைமூட்டல்'. எழுதும்போது யார் மேலன்னு சேத்தே எழுதணும், 'இன்ன மக்கள் மேல் பகைமூட்டல்'னு, அப்ப திசை தெரிஞ்சிடும், இரு தரப்புன்னு யாரும் திருப்ப முடியாது. அந்தம்மா மனுவையும் அப்படித்தான் மாத்தி அடிச்சேன், வாசிச்சிட்டு கையெழுத்துப் போட்டாங்க.

இன்னொன்னு, 'பகைமூட்டுச் சட்டம்'னு யாரும் சுருக்கிடாதீங்க, சட்டமே பகை மூட்டற மாதிரி ஆயிடும். 'பகைமூட்டல் தடுப்பு'ன்னு போடுங்க.