யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் மூடிய 3306 போர்ட் வெளியிலிருந்து பார்த்தால் திறந்திருக்கிறது: உதவி தேவை

கேள்வி (திருப்பூர்)

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தின் சர்வரைப் பராமரித்து வருகிறேன். ஆர்டர், நூல் இருப்பு, சாயப்பட்டறைக்குப் போய்த் திரும்பும் துணியின் கணக்கு எல்லாம் உபுண்டு 22.04 உள்ள ஒரே கிளவுட் சர்வரில், டாக்கர் கன்டெய்னர்களாக (ஒவ்வொன்றும் தனித்தனிப் பெட்டி போல) ஓடுகின்றன. யூஎஃப்டபிள்யூவில் 22, 443 ஆகிய இரண்டு போர்ட்டுகளை மட்டுமே அனுமதித்திருக்கிறேன். நிலையைக் கேட்டாலும் அப்படியே காட்டுகிறது. ஆனால் எங்களிடம் சரக்கு எடுக்கும் வெளிநாட்டு நிறுவனம் அனுப்பிய பாதுகாப்பு அறிக்கையில், மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸின் 3306 திறந்திருப்பதாகக் குறிப்பிட்டுள்ளார்கள். அந்த போர்ட்டை மறுக்கும் விதியைத் தனியாகச் சேர்த்தேன், சர்வரை ரீஸ்டார்ட்டும் செய்தேன், பலனில்லை. அறிக்கை தவறா, நான் பார்க்கும் முறை தவறா?

பதில் (கோவை)

அறிக்கை சரியாகவே இருக்கும். கன்டெய்னரை 3306:3306 என்று திறக்கும்போது டாக்கர் தானாகவே லினக்ஸின் பாக்கெட் வடிகட்டியான ஐபிடேபிள்ஸில் விதி எழுதி, வரும் பாக்கெட்டின் சேருமிடத்தைக் கன்டெய்னரின் முகவரிக்கு மாற்றிவிடுகிறது. அப்படி மாறிய பாக்கெட் ஃபார்வர்டு சங்கிலி (வேறிடத்துக்குக் கடத்தப்படுபவற்றுக்கான விதி வரிசை) வழியாகப் போக, நீங்கள் எழுதிய விதிகளோ இன்புட் சங்கிலியில் (சர்வருக்கே வருபவற்றுக்கானது) காத்திருக்கின்றன. முன் கேட்டில் வாட்ச்மேன் நின்றுகொண்டிருக்க, லோடு வண்டி குடோன் கேட் வழியாகப் போய்விடுகிற கதைதான்.

இன்றே கிளவுட் நிறுவனத்தின் பக்கத்தில் உள்ள ஃபயர்வாலில் 3306-ஐ மூடுங்கள்; அது சர்வருக்கு வெளியே இருப்பதால் டாக்கர் அதைத் தாண்ட முடியாது. பிறகு, எஸ்எஸ் (ss) கட்டளையை சூடோவுடன் (நிர்வாகி உரிமையுடன்) ஓட்டி எந்த நிரல் எந்த முகவரியில் கேட்கிறது என்று பாருங்கள். சூடோ இல்லாவிட்டால் நிரலின் பெயர் தெரியாது. அடுத்து, அலுவலக இணைப்பிலிருந்து அல்லாமல் கைபேசி டேட்டாவிலிருந்து, திறந்த போர்ட்டுகளைத் தேடும் என்மேப் கருவியை ஓட்டுங்கள், ஏனெனில் அலுவலக ஐபிக்கு எங்காவது தனி அனுமதி கொடுத்திருந்தால் முடிவு வேறாக வரும். என்மேப் வழக்கமாக 1000 போர்ட்டுகளைத்தான் பார்க்கும். 65535 வரை முழுவதும் தேடச் சொல்லுங்கள். சொல்லத் தேவையில்லை, உங்கள் பொறுப்பில் உள்ள சர்வரை மட்டும்.

கேள்வி கேட்டவர்

நன்றி அண்ணா. 0.0.0.0:3306 (எல்லா முகவரிகளிலும் கேட்கிறது) என்ற வரியில் டாக்கர்-ப்ராக்ஸி என்றே இருந்தது. ஐபிவி6 முகவரியிலும் அதேபோல் ஒரு வரி. கிளவுட் பக்கத்தில் 3306-ஐ மூடிவிட்டேன். முழுத் தேடலில் அறிக்கையில் இல்லாத 6379-உம் திறந்திருந்தது. அது ரெடிஸ் என்ற நினைவகத் தரவுக் கிடங்கு, கடவுச்சொல்லும் வைக்கவில்லை; எனக்கு வியர்த்துவிட்டது. ஒரு சிக்கல்: கணக்குப் பிரிவில் ஒருவர் தம் கணினியிலிருந்து நேரடியாக டேட்டாபேஸில் இணைந்து அறிக்கை எடுக்கிறார். அவருக்கு என்ன செய்வது?

பதில் (ஈரோடு)

6379 என்மேப்பின் வழக்கமான 1000-இல் இல்லை. அவர்களின் அறிக்கை அதைத் தவறவிட்டதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். ரெடிஸைச் செயலியின் கன்டெய்னர் மட்டுமே பயன்படுத்துகிறது என்றால், இரண்டும் ஒரே டாக்கர் நெட்வொர்க்கில் இருந்தால் போதும், கன்டெய்னர்களின் அமைப்பை எழுதிவைக்கும் கம்போஸ் கோப்பில் போர்ட் வரியையே நீக்கிவிடலாம். மைஎஸ்கியூஎல்லுக்கு அந்த வரியை 127.0.0.1:3306:3306 (சர்வருக்குள்ளிருந்து மட்டும்) என்று மாற்றி, கணக்கரை எஸ்எஸ்எச் டனல் (22 போர்ட் வழியான மறையாக்கப் பாதை) வழியாக வரச் சொல்லுங்கள். இத்தனை நாள் திறந்து கிடந்ததால் கடவுச்சொற்களை மாற்றுவதும், எந்த ஐபியிலிருந்தும் நுழையலாம் என்று சதவீதக் குறியோடு உருவாக்கிய பயனர்களை நீக்குவதும் அவசியம்.

இனி கண்காணிப்பு. வேறொரு கணினியிலிருந்து தினமும் இரவு கிரான் (குறித்த நேரத்தில் தானாக வேலையை ஓட்டும் வசதி) மூலம் என்மேப் ஓட்டி, முடிவை எக்ஸ்எம்எல் கோப்பாகச் சேமித்து, நேற்றைய கோப்போடு, என்மேப் முடிவுகளை ஒப்பிடும் என்டிஃப் கருவி கொண்டு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றானால் அது 0 என்றும், வேறுபட்டால் 1 என்றும், பிழை நேர்ந்தால் 2 என்றும் திருப்பித் தரும். 0 அல்லாதபோது மட்டும் மின்னஞ்சல் வரட்டும். நான் இதை அலுவலகக் கணினியில் வைத்திருந்தேன். பராமரிப்பு மின்தடைக்குப் பிறகு யாரும் அதை ஆன் செய்யவில்லை. மின்னஞ்சல் வராததை எல்லாம் நலம் என்றே பல நாட்கள் எண்ணிக்கொண்டிருந்தேன். ஆகவே திங்கள்கிழமை மட்டும், மாற்றம் இல்லாவிட்டாலும் ஒரு மின்னஞ்சல் வரும்படி அமையுங்கள்.

கேள்வி கேட்டவர்

கம்போஸ் கோப்பை மாற்றி, கன்டெய்னர்களை மீண்டும் உருவாக்கி, கைபேசி டேட்டாவிலிருந்து முழுத் தேடல் செய்தேன். 22, 443 மட்டுமே திறந்துள்ளன. கணக்கருக்கு டனல் அமைக்கும் வேலை நாளைக்கு.