ஆஸ்டின் செவனைக் காப்பாற்றியது கிளப்பா, அறுத்துப் போட்டது கிளப்பா?

பழைய கியர்:
இங்கிலாந்தில் 1939-இல் தொடங்கிய 750 மோட்டார் கிளப்பைப் பற்றிப் பேசும் எல்லோரும் லோட்டஸ் கார் கம்பெனியைத் தொடங்கிய காலின் சாப்மன் பெயரில்தான் ஆரம்பிக்கிறார்கள். பழைய ஆஸ்டின் செவன் ஒன்றை மாற்றி முதல் லோட்டஸைக் கட்டினார், அந்தக் கிளப்பின் பந்தயங்களில் பெயர் வாங்கினார். சரி. எனக்கு உறுத்துவது வேறு. ஆஸ்டின் செவன் என்ற ஒரு சின்னக் காரை வைத்திருப்பவர்களுக்காக உண்டான கிளப், இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அந்தக் காரையே அறுத்து 'ஸ்பெஷல்' (பழைய பாடியைக் கழற்றிவிட்டு வேறு பாடி போட்டுத் தாமே கட்டும் வண்டி) கட்டுபவர்களின் கூடாரமாகிவிட்டது. 1922 முதல் 1939 வரை சுமார் 2,90,000 செவன்கள் வெளிவந்தன. சைட்கார் வைத்த மோட்டார் சைக்கிளில் நனைந்துகொண்டு போன குடும்பத்தைக் கூரைக்குக் கீழே உட்கார வைத்த வண்டி அது. அந்த வரலாறு எஞ்சினில் இல்லை, பாடியில் இருக்கிறது. அதைத்தான் முதலில் கழற்றி வீசினார்கள்.

நாலு சிலிண்டர்:
அந்தக் காலத்து நிலைமையையும் பாருங்கள் சார். போருக்குப் பிறகு பிரிட்டனில் தயாரான புதுக் கார்களில் பெரும்பகுதி ஏற்றுமதிக்குப் போனது. பெட்ரோல் ரேஷன் 1950 மே மாதம் வரை நீடித்தது. சம்பளம் குறைந்த ஒரு இளைஞனுக்குக் கட்டுப்படியான வண்டி பழைய செவன்தான். அதன் பாடிக்குள் இருப்பது மரச்சட்டம். இருபது வருட மழையில் மரம் உளுத்து, கதவு தொங்கி, தகரம் துருப்பிடித்த பாடிகள்தான் அதிகம். கீழே இருக்கும் சேஸிஸும் 747 சிசி எஞ்சினும் நன்றாக இருக்கும். ஸ்பெஷல் கட்டியவன் அந்த நல்ல பாதியை எடுத்துக்கொண்டான். அவன் எடுக்காவிட்டால் முழு வண்டியும் காயலான் கடைக்குப் போயிருக்கும். 1960-இல் பத்து வருடத்துக்கு மேற்பட்ட கார்களுக்குக் கட்டாயச் சோதனை வந்தபோது பழைய வண்டிகள் எப்படிக் குவியல் குவியலாக உடைக்கப்பட்டன என்று உங்களுக்கே தெரியும்.

ரூபி பிரியன்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். 'உளுத்த பாடி' என்ற வாதம் இருபதுகளில் வந்த, திறந்த பாடி கொண்ட செவனான சம்மி மாடலுக்கு ஓரளவு பொருந்தும். 1934-இல் வந்த ரூபி என்ற செவன் சலூனுக்குப் பொருந்தாது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் அது இருபது வயதைக்கூடத் தாண்டாத வண்டி, ஓடிக்கொண்டிருந்த வண்டி. அப்படியும் ஸ்பெஷல்களுக்குப் பலியானதில் ரூபிக்குப் பெரிய பங்கு உண்டு. காரணம், யாரும் அதை மதிக்கவில்லை. 1934-இல் உருவான விண்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப் 'விண்டேஜ்' என்பதை 1930 டிசம்பரோடு முடித்துக் கோடு போட்டது. கோட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்த குடும்ப சலூனுக்குப் பரிந்து பேச ஆள் இல்லை. ஒரு கிளப் எதைப் பழசு என்று ஒப்புக்கொள்கிறதோ அது பிழைக்கும், மற்றது உதிரிபாகமாகும். பழைய கியர் சொல்லும் குற்றச்சாட்டு ஒரு கிளப்போடு நிற்காது.

பழைய கியர்:
ரூபி பிரியன் சொன்னது முக்கியம். நாலு சிலிண்டர், உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கிளப்பைத் தொடங்க வழிசெய்த பில் பாடி, 'மோட்டார் ஸ்போர்ட்' பத்திரிகையின் ஆசிரியர். பழைய கார்களை அவரளவு நேசித்தவர்கள் குறைவு. அவர் கை வைத்த கிளப், செவனின் பாடியைப் பாதுகாக்க என்ன செய்தது? போருக்குப் பின் வந்த 750 ஃபார்முலா என்ற கிளப் பந்தயத்தின் விதிகள் செவனின் எஞ்சினையும் சேஸிஸையும்தான் கேட்டன. பிற்பாடு ரிலையன்ட் என்ற வேறு கம்பெனியின் எஞ்சினுக்கு மாறியபோது அந்தப் பந்தயத்தில் ஆஸ்டினே இல்லாமல் போயிற்று. இதை எப்படி உரிமையாளர் கிளப் என்பது?

நாலு சிலிண்டர்:
உரிமையாளர் என்றால் துடைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பவர் மட்டும்தானா? ஓட்டிப் பழுது பார்ப்பவரும் உரிமையாளர்தானே. செவன் எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட்டுக்கு, அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டுக்கு, நீண்ட காலம் இரண்டே பேரிங். வேகம் கூடினால் நடுவில் வளையும், தொடர்ந்து விரட்டினால் உடையும். இதைப் பந்தயத்தில் உடைத்து உடைத்துத்தான் கற்றார்கள், கற்றதைக் கிளப் செய்திமடலில் எழுதி எல்லோருக்கும் கொடுத்தார்கள். சாப்மன் செய்ததும் அதே மாதிரிதான். நான்கு சிலிண்டருக்கும் பெட்ரோல்-காற்றுக் கலவை உள்ளே போக இரண்டே இன்லெட் வழி என்றிருந்ததைப் பிரித்து, ஒவ்வொன்றும் தனித்தனியே மூச்சு விடும்படி செய்தார். உடனே கிளப் விதியை மாற்றி அதைத் தடுத்தது, செலவில்லாத பந்தயம் செலவாளிகள் கைக்குப் போகக்கூடாது என்ற அக்கறையில். இன்று செவனுக்குப் புது கிராங்க், பிஸ்டன், கியர் எல்லாம் கிடைக்கிறது. அந்தக் காலத்து எத்தனை சின்னக் கார்களுக்கு இந்த வசதி உண்டு? ஸ்பேர் கேட்டுக்கொண்டே இருந்த பந்தயக்காரர்களுக்கு இதில் பெரிய பங்கு இருக்கிறது. நீங்கள் மீட்டெடுக்க விரும்பும் சம்மியும் அந்த கிராங்கில்தான் ஓடும்.

ரூபி பிரியன்:
ஸ்பேர் விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். ஆனால் எஞ்சின் பாகத்தை மறுபடி வார்க்கலாம். 1935-இல் ஒரு தொழிலாளி குடும்பம் உட்கார்ந்த சீட்டை மறுபடி செய்ய முடியாது.

பழைய கியர்:
இப்போது நடப்பதையும் பேச வேண்டும். ஐம்பதுகளில் கட்டிய ஸ்பெஷல்களை வாங்கிப் பிரித்து, புது மரச்சட்டம், புது அலுமினியம் போட்டு 'அசல் சம்மி' என்று நிறுத்துகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அறுத்தது தவறு என்பது என் கட்சி. அதற்காக, அறுத்தவன் கையால் தட்டிச் செய்த பாடியை இன்று நாம் வீசினால் அதே காரியத்தை இரண்டாம் முறை செய்கிறோம்.

நாலு சிலிண்டர்:
இந்த இடத்தில் நான் உங்கள் பக்கம். ஸ்பெஷல் கட்டுபவர்களுக்காக ஜெம் மார்ஷ் விற்ற ஸ்பீடெக்ஸ் பாடி போட்ட செவனுக்கும் இன்று அறுபது வயதுக்கு மேல். அதைப் பிரிப்பவரிடம் கிளப்கள் காரணம் கேட்க வேண்டும். வண்டிக்கு வயதுச் சான்று கொடுக்கும்போதே, முதல் பாடி எது, ஸ்பெஷல் ஆனது எப்போது என்று இரண்டையும் பதிவு செய்தால் வாங்குபவருக்கும் உண்மை தெரியும்.

ரூபி பிரியன்:
அந்தப் பதிவில் ரூபிகளையும் சேர்த்தால் என் ஓட்டு அதற்கு உண்டு.