புதுப்பிப்பு: பேட்காஸ்டிங் ரீல் இரைச்சல் நின்றது, காரணம் பேரிங் அல்ல

காரைக்குடியில் பழையதாக வாங்கிய தூண்டில் ரீலில் வீச்சு தூரம் போகவில்லை, சுற்றும்போது நறநறக்கிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பேரிங்கை மாற்ற வேண்டியிருக்கவில்லை. பெட்ரோலில் ஊறவைக்கச் சொன்ன தேவகோட்டை அண்ணனின் யோசனைதான் தூரத்தைத் திருப்பித் தந்தது. ஸ்பூலின் (தூண்டில் நரம்பு சுற்றியிருக்கும் உருளை) இரண்டு பேரிங்குகளிலும் யாரோ கிரீஸை அப்பியிருந்தார்கள். கழுவிக் காயவைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஆளுக்கு ஒரு சொட்டு. கிரீஸ் பல்சக்கரங்களுக்கு மட்டும்தான். (பேரிங்கைப் பிடித்திருக்கும் கம்பி வளையம் தெறித்து முற்றத்தில் விழுந்ததைத் தேட அரை மணி நேரம் ஆனது. துணியால் மூடிக்கொண்டு கழற்றுங்கள்.) பாகங்களை வரிசையாக அடுக்க ஆச்சியின் எவர்சில்வர் தட்டை எடுத்தேன், பெட்ரோல் வாடைக்கு இன்னும் திட்டு விழுகிறது.

இரைச்சல் அப்போதும் போகவில்லை. எதிர்பாராதது இதுதான்: சுற்றும்போது நரம்பை ஸ்பூலில் இடவலமாக ஓட்டும் திருகுத் தண்டின் பள்ளத்தில் கண்மாய் மணல் இறுகிக் கிடந்தது. அந்தப் பள்ளத்தில் ஓடும் சின்னப் பல்லின் முனையும் தேய்ந்திருந்தது. அடியிலுள்ள மூடியைத் திருகினால் பல் கையில் வந்துவிடும். தண்டைப் பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, வேறு பல் போட்ட பிறகு சத்தமே இல்லை.

மீன் இழுக்கும்போது பிரேக் போலப் பிடிக்கும் டிராக் வட்டுகளில் எண்ணெய் படாமல் பார்த்துக்கொண்டேன். கடைசியாக ஸ்பூல் சுழலும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகை, நரம்பில் கட்டிய ரப்பர் தவளை இரை மெதுவாக இறங்கித் தரையைத் தொட்டதும் ஸ்பூல் நிற்கும் அளவுக்கு இறுக்கினேன். வீச்சில் நரம்பு சிக்கவில்லை. விரால்தான் இன்னும் சிக்கவில்லை.